கண் எரியாத சோப்பு

இந்த ஊர்ல மூஞ்சி கழுவாம ரெண்டு மணி நேரம் இருக்க முடியாது சார். நிலக்கரி மைன்ஸ் தூசி மூக்குக்குள்ள வரைக்கும் ஏறிடும். எங்க விருதுநகர்ல வெயில் மட்டும்தான்.

கடை சோப்பு போட்டா மூஞ்சி வறவறன்னு ஆயிடுது. அதனால நானே தண்ணி மாதிரி ஒரு சோப்பு தயார் பண்ணினேன். மில்லுல துணி அலசுற நுரை மருந்து மதராஸ்ல டின்ல கிடைக்கும். அதுல ஒரு பங்கு, தண்ணி பத்துப் பங்கு, வாசனைக்குப் பன்னீர். எங்க பிளாக் பொம்பளைங்க அதுக்கு அலைவாளுங்க. படிச்சவளுங்கதான், ஆனா நுரை பொங்கினா போதும்னு இருக்கிற ஜென்மங்க. "புஷ்பவல்லி, கண்ணே எரியலையே"ன்னு கொஞ்சுவாளுங்க. எரியாதுன்னு எனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்னு ஒருத்தியும் கேட்டதில்லை.

சாமியம்மா கண்ணுல ஊத்தித்தான் பார்ப்பேன். எங்க குவார்ட்டர்ஸ்ல பாத்திரம் தேய்க்கிறவ, மந்தாரக்குப்பத்துக்காரி. ஒவ்வொரு தடவையும் இடது கண்ணுல நாலு சொட்டு. எரியுதுன்னா தண்ணி கூட்டுவேன். என் கண்ணுலயா ஊத்திக்க முடியும்? அவ புருஷன் பாவாடை மைன்ஸ்ல கான்ட்ராக்ட் கூலி. எங்க வீட்டுக்காரர் ஓவர்சீயர், அவர்கிட்டச் சொல்லி பெர்மனென்ட் பண்ணித் தர்றேன்னேன். சும்மா சொன்னதுதான், அவர்கிட்ட நான் வாயே திறக்கலை.

ஆரம்பத்துல துடிச்சுப் போவா. போகப்போக, "எரியலீங்கம்மா. ஐயாகிட்ட சொன்னீங்களா?"ன்னு மட்டும் கேப்பா. சோப்பு நல்லா பக்குவமாயிடுச்சுன்னு நினைச்சேன். தண்ணியைப் பாதியாக் குறைச்சேன், நுரை இன்னும் நல்லா வந்துச்சு.

போன வாரம் தயார் பண்ணினதுக்கும் எரியலைன்னா. அதைத்தான் எதிர்வீட்டு சந்திரா வாங்கிட்டுப் போய்த் தன் கைப்பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தினா. அது கண்ணைத் திறக்கலைன்னுதானே நீங்க வந்திருக்கீங்க.

டாக்டர் சாமியம்மாவையும் பார்த்தாராம். இடது கண்ணு செத்து ஆறு மாசமாச்சாம், ஊசியால தொட்டாலும் தெரியாதாம். "சொன்னா அவருக்கு பெர்மனென்ட் ஆவாதுன்னு வாய மூடிக்கினு இருந்தேங்க"ன்னு அழுதாளாம்.

ஊத்தினது நான்தான், வித்ததும் நான்தான். எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா ஏமாத்தினது அவ சார். அப்பவே சொல்லியிருந்தா வலது கண்ணுல ஊத்திப் பார்த்திருப்பேன். பாவம், அந்தப் பிள்ளை தப்பிச்சிருக்கும்.