டப்போ இல்லாத இரண்டாம் படம்

இந்தத் தேநீரைப் போட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது, அதிகாரி ஐயா, ஆனால் புதினா நேற்றையது. குறை சொல்லவில்லை. இந்த வர்ஸாஸாத் ஊரில் அரசாங்கக் கட்டடத்துக்குள் நல்ல தேநீர் கிடைத்ததாக எங்கள் அப்பா காலத்திலும் யாரும் சொன்னதில்லை.

நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். என் தங்கை புருஷன் இஷு செத்ததை விபத்து என்று முடிக்கப்போகிறீர்களாம். அவன் போட்டிருந்த சினிமா உடுப்பைத் திறக்க வேண்டிய பஹாவின், அதாவது என்னுடைய, கவனக்குறைவு என்று எழுதப்போகிறீர்களாம். சந்தையில் தக்காளி விற்கிறவன் வரைக்கும் அதைத்தான் சொல்கிறான். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட வேலையில் ஒருநாளும் கவனம் தப்பினவனும் இல்லை. இந்த வயசில் அந்தப் பெயர் எனக்கு வேண்டாம்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் சினிமாதான் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள்கூட ரோமானியப் படைவீரனாக நின்றதாகக் கேள்வி. நான் படங்களில் எத்தனையோ தடவை செத்திருக்கிறேன். அம்பு பட்டு, ஈட்டி பட்டு, ஒரு தடவை தவளை மழையில். சாவதற்கு நல்ல காசு. பிறகு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விழுந்தால் எழுந்திருக்க முடியவில்லை. அப்போதுதான் தண்ணீரில்லாத கிரகத்தைப் பற்றி அந்தப் படம் வந்தது. வேறு கிரகம் வேண்டுமென்று அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, எங்கள் ஊரை அப்படியே படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மேக்கப்கூடப் போடவில்லை.

அதில்தான் டப்போ என்ற பிராணி. நீல ரோமம், மஞ்சள் வயிறு, மூன்று காது. விண்வெளிக் கப்பல்தலைவன் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து தடுக்கி விழும். எழுந்து மறுபடியும் விழும். படம் முடிகிறவரை இதே வேலை. அதற்குள்ளே இருந்தவன் இஷு.

முதலில் என்னைத்தான் அளவெடுத்தார்கள். என் தலையில் களிம்பு பூசி அச்செடுத்து, என் தோளுக்கும் இடுப்புக்கும் தைத்தார்கள். தைத்து முடித்த அன்றைக்கு இஷு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தான். மேசைமேல் கிடந்த டப்போ கையை மாட்டிக்கொண்டு ரொட்டியை அதற்கு ஊட்டிவிட்டான், பிறகு அந்தக் கையே அவன் மூக்கைப் பிடித்துத் திருகியது. டைரக்டர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். முடிந்தது. அவன் குட்டை, அதனால் தோளில் பஞ்சு வைத்து அடைத்து உடுப்பை அவனுக்குக் கொடுத்தார்கள். உடுப்பைப் பூட்டித் திறக்கிற வேலை எனக்கு. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வெயிலில் வேகிறவன் அவன், நிழலில் நிற்கிறவன் நான். யாருக்கு லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த உடுப்பை உள்ளே இருப்பவனால் திறக்க முடியாது. கொக்கிகள் எல்லாம் முதுகுப்பக்கம், ரோமத்துக்கு அடியில். தலைக்குள் ஒரு சின்ன விசிறி, அதற்கு ஒரு பேட்டரி. நெஞ்சைச் சுற்றி ஐஸ் பை. கழுத்தில் ஒரு விசில். மூச்சு முட்டினால் ஊதவேண்டும், நான் ஓடிவந்து திறக்கவேண்டும். என்னைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. முதல் படத்தில் ஒருவன் அவசரப்பட்டு இழுத்து முதுகைக் கிழித்துவிட்டான். அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றது. அவனை மட்டும் அனுப்பவில்லை, அவன் கிராமத்துக்காரர்கள் மொத்தப் பேரையும் லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் டப்போ தீப்பற்றி எரிந்தாலும் பஹாவைக் கூப்பிடுவார்களே தவிர, கை வைக்க மாட்டார்கள்.

படம் உலகம் முழுக்க ஓடியது. படத்துக்காக மண்ணால் கட்டிய விண்கல நிலையத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு நான் காவல். ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். ஜப்பானிலிருந்து, போலந்திலிருந்து, காசாபிளாங்காவிலிருந்து. சொந்த வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்க்காதவர்கள் எங்கள் மண்சுவரைத் தடவி அழுவார்கள். நான் தேநீர் ஊற்றுவேன், அவர்கள் பேசுவார்கள். எல்லாப் பேச்சும் இரண்டாம் படத்தில் போய் நிற்கும். அதில் என்னென்ன வரக்கூடாது என்பதில்.

அதில் அவர்களுக்குள் அடிதடியே நடக்கும். காதல் வேண்டாம் என்பான் ஒருவன். செத்த கப்பல்தலைவன் திரும்பி வரக்கூடாது என்பான் இன்னொருவன். விஞ்ஞானி மணலை விளக்குகிற காட்சி வேண்டவே வேண்டாம் என்றார் ஒரு ஜெர்மன்காரர்; அது எனக்கும் பிடித்திருந்தது, மணலைப் பற்றி எனக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் ஒரே பேச்சு. டப்போ வேண்டாம்.

காசாபிளாங்கா ரசிகர் மன்றத்துக்கு ஷாமா என்று ஒரு பெண் தலைவி. பல் டாக்டருக்குப் படிக்கிறாள். நல்ல பிள்ளை. அவள்தான் சொன்னாள்:

“பெரியவரே, நான் அந்தப் படத்தை எங்க வாப்பா செத்த வருஷம் பார்த்தேன். அந்தக் கப்பல்தலைவன் தனியா நின்னு அழுவான்ல, அதுல நானும் அழுதுட்டிருந்தேன். கரெக்டா அந்த நீலச் சனியன் வந்து விழுந்துச்சு. தியேட்டர் பூரா சிரிக்குது. நான் என்ன பண்றது சொல்லுங்க.”

“அது இரண்டாம் படத்துல இருக்காதும்மா,” என்றேன்.

“நெசமாவா? யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்.”

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறது, ஐயா. சினிமாக்காரர்களுக்கு இல்லாமலிருக்கலாம்.

நான் எடுத்த எடுப்பில் எதுவும் செய்யவில்லை. இரண்டாம் படத்துக்கு டைரக்டர் வந்ததும் ஜவாத்தை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். ஜவாத் உதவி டைரக்டர், எங்கள் தெருப் பையன்தான், ஆனால் நான் நீளமாகச் சொன்னதை அவன் சின்னதாகச் சொன்னான். மொழிபெயர்க்கிறவனை நம்பவே கூடாது. டைரக்டர் சிரித்து, என் முதுகில் தட்டி, ஒரு தொப்பி கொடுத்தார். டப்போவுக்கு இந்தத் தடவை இன்னும் அதிகக் காட்சி என்றான் ஜவாத்.

பிறகு இஷுவிடமே போனேன். தங்கை இத்தோ முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவன் காலை நீட்டிக்கொண்டு பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தான்.

“இஷு, இந்தப் படத்துல நடிக்கலேன்னு சொல்லிடு.”

“ஏன் மச்சான், வெயில் உன்னைச் சுடுதா?”

“உலகமே உன்னை வெறுக்குதுடா. படிச்ச பிள்ளைங்க காறித் துப்புதுங்க.”

“துப்பட்டுமே. துப்பவாவது ஆளத் தெரியுதுல்ல? உன்னை எவனுக்குத் தெரியும்? எத்தனை படத்துல செத்தே, ஒருத்தனாவது அழுதானா?”

இத்தோ மாவுக் கையோடு சிரித்தாள். “விடுங்களேன், பாவம் அண்ணன்,” என்றாள். நானும் சிரித்தேன். அவன் எப்போதும் அப்படித்தான், வாய் நீளம். நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு எந்த வழியாக நடந்துபோனேன் என்பது மட்டும் நினைவில்லை.

ஒத்திகை நாளுக்கு மன்றத்துப் பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். நல்ல வெயில். நாய்கள் லாரிக்கு அடியில் படுத்திருந்தன. அவர்களுக்காக ஒரு கூடாரம், அதில் தேநீர் என் பொறுப்பு. டப்போ தலையை அவன்மேல் கவிழ்ப்பதற்கு முன்னால் இஷு சொன்னான், “மச்சான், இன்னைக்குப் பாரு, அந்தப் பல் டாக்டர் பொண்ணையே சிரிக்க வெச்சுக் காட்டறேன்.” நான் கொக்கிகளைப் பூட்டினேன். எல்லாக் கொக்கியும் சரியாக விழுந்தன.

பேட்டரி தீர்ந்துபோயிருந்தது என்கிறார்கள். தீர்ந்துபோனதைத்தான் போட்டேன். புதியது என் சட்டைப்பையில் இருந்தது. உங்களுக்கு வேண்டுமானால் தருகிறேன், இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஐஸ் பைகளைக் கூடாரத்துக்குக் கொண்டுபோய் ஷாமாவின் பிள்ளைகளுக்கு ஆரஞ்சுச்சாறு குளிரவைத்தேன். விசில் அறுந்து விழுந்திருக்கும் என்கிறார் உடுப்பு மேலாளர். அறுந்து விழவில்லை. நான் அதைக் கழுத்தில் போடவில்லை.

கவனக்குறைவு என்றால் இதில் ஏதாவது ஒன்று தவறியிருக்கும். இத்தனையும் சேர்ந்து தவறுமா? நீங்களே யோசியுங்கள்.

டப்போ வெளியே வந்ததும் ஷாமா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, இதை விடவே மாட்டாங்களா,” என்று என்னைப் பார்த்தாள். “பொறும்மா,” என்று சொல்லிவிட்டு முதல் சுற்றுத் தேநீரை ஊற்றினேன். அது ஆடியது, விழுந்தது, எழுந்தது. கேமராவைத் திருப்பி வைக்க நேரமாயிற்று. அதுவரை அது வெயிலிலேயே நின்றது. நின்றுகொண்டே கூடாரத்தின் பக்கம் திரும்பியது. மூன்று காதும் ஆடின. நான் இரண்டாம் சுற்றுக்குச் சர்க்கரைக் கூம்பைச் சின்னச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அது மறுபடியும் விழுந்துகிடந்தது.

ஜவாத் ஓடிவந்தான்.

“பஹா மாமா, சீக்கிரம் வாங்க, அவரு எழுந்திருக்க மாட்டேங்கறாரு.”

“விழறதுதானே அவன் தொழிலு,” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“விளையாடாதீங்க மாமா. மேலாளர் சாப்பிடப் போயிட்டாரு. நம்ம ஆளுங்க எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, தொட மாட்டேங்கறாங்க.”

“தொடக்கூடாது. நான் வர்றேன்னு சொல்லு. விருந்தாளிங்க இருக்காங்கல்ல, மூணாம் சுத்து இன்னும் ஊத்தல.”

உங்களுக்குத் தெரியாததா. மூன்றாம் கோப்பை ஊற்றாமல் வீட்டுக்காரன் எழுந்தால் விருந்தாளியை வெளியே போ என்று சொன்ன மாதிரி. வெளியூர்ப் பிள்ளைகளை நான் அவமானப்படுத்த முடியுமா? ஜவாத்தும் நம் ஊர்ப் பையன்தானே, அவனுக்கும் அது தெரியும். திரும்பி ஓடினான். அங்கே இருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். பல பேர் கூப்பிட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும். நான் புதினாவை மாற்றிப் போட்டு, நன்றாக ஊறவிட்டு, நுரை வருகிற மாதிரி உயரத் தூக்கி ஊற்றினேன். மூன்றாம் சுற்று மென்மையாக இருக்கவேண்டும். அவசரப்படுத்தினால் கசக்கும்.

பிறகு போனேன். ஒரு கொக்கிகூட உடையவில்லை, ரோமத்தில் ஒரு இழைகூடப் பிய்யவில்லை. மேலாளர் வந்து அதைக் கவனித்துச் சொன்னார். இஷுவின் முகம் கருஞ்சிவப்பாக இருந்தது. உதடு அசைந்தது. மச்சான் என்று சொல்ல வந்தானோ, தண்ணீர் என்று சொல்ல வந்தானோ. ஆஸ்பத்திரி வண்டி வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

இத்தோ என்னை ஒன்றுதான் கேட்டாள். “நீ எங்கே இருந்தே அண்ணே?”

“விருந்தாளிங்களோட.”

“அப்ப நீ என்ன பண்ணுவே,” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. தினமும் எனக்குச் சாப்பாடு அனுப்புகிறாள்.

அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு வருத்தம். ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபட்டு ஒரு காரியத்தை முடித்துக்கொடுத்தால் அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? போன வெள்ளிக்கிழமை ஷாமா துக்கம் கேட்க வந்தாள். டப்போ பொம்மை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். உலகம் முழுக்க ரசிகர்கள் அழுகிறார்களாம். டப்போ இல்லாவிட்டால் இரண்டாம் படத்தைப் பார்க்கவே மாட்டோம் என்று எழுதுகிறார்களாம். “அது எங்க குழந்தை மாதிரி பெரியவரே,” என்கிறாள். நீலச் சனியன் என்று சொன்ன அதே வாய். படித்தவர்களை நம்பாதே என்று எங்கள் அப்பா சொன்னது சரிதான்.

டைரக்டரும் சத்தியம் செய்துவிட்டார். இஷுவின் நினைவாக, முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை டப்போ. விழுகிறதெல்லாம் இல்லை, இந்தத் தடவை கப்பலைக் காப்பாற்றுவதே அதுதானாம். அந்த நடை தெரிந்த ஆள் ஊரில் நான் ஒருவன்தான். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எனக்கு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. படம் கெட்டுப்போகக் கூடாதே என்று சரி சொன்னேன். அதனால்தான் இந்தக் கவனக்குறைவு என்ற சொல்லை நீங்கள் எடுத்துவிடவேண்டும். அது இருந்தால் வேலைக்கு எடுக்கமாட்டார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு வாசித்துக் காட்டவேண்டும். வியாழக்கிழமை அளவெடுக்க வரச்சொல்லியிருக்கிறார்கள், அதற்குள் முடித்துவிடலாம் அல்லவா?

உடுப்பைப் பூட்டித் திறக்கிற வேலைக்கு யாரை வைக்கலாம் என்று ஜவாத் கேட்டான். எவனை வேண்டுமானாலும் வை, என் சொந்தக்காரன் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.