முகம் மட்டும் தெரியுற கண்ணாடி

ஆமா தம்பி, அஞ்சாவது இடம்தான். அச்சுப் பிழையெல்லாம் ஒண்ணும் இல்ல. அஞ்சு பேஸ்பால் டீம் இருக்கிற பிரிவுல உங்க ஹெரன்ஸை அஞ்சாவதாப் போட்டது சாட்சாத் இந்த ஆர்லன் பீவிதான். கட்டுரைக்குக் கீழயே பேரு இருக்கே, பாக்கலியா? உக்காரு முதல்ல. நின்னுக்கிட்டே கோவப்பட்டா வெயில் மண்டையில ஏறிடும். உங்க முதலாளி அனுப்பினாரா, இல்ல நீயா வந்தியா? அதானே பாத்தேன். அவரு அனுப்பாம ஃப்ளோரிடா வெயில்ல டை கட்டிக்கிட்டு எவன் வருவான்.

காலைச் சாப்பாட்டு மேசையில படிச்சாராமா? பேப்பரைத் தூக்கி முட்டை மேலயே எறிஞ்சிட்டாரா? நல்ல மனுஷன். படிக்காமயே எறியுறவங்க நிறைய பேரு இருக்காங்க.

உன்னைக் குத்தம் சொல்லல தம்பி. பத்திரிகைக்காரங்களைச் சமாளிக்கத்தான் உனக்கு அந்த வேலையே. இந்தா, சூரியகாந்தி விதை. தோலைக் கீழயே துப்பு, இங்க எல்லாரும் அப்படித்தான். பயிற்சி ஆட்டம் ஒரு மணிக்குத்தானே? உங்க ஆளுங்க இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்காங்க. நேரம் கெடக்கு. விவரமாவே சொல்றேன், போய் அவருகிட்ட ஒப்பிச்சுடு.

சீசனுக்கு முன்னாடி எல்லாப் பத்திரிகையும் வரிசை போடுது. அவங்க டீம்ல இருக்கிற இருபத்தஞ்சு பேரையும் எடை போட்டு, கூட்டிக் கழிச்சு ஏதோ பண்ணுவாங்க. நான் அதெல்லாம் பண்ண மாட்டேன். பத்து வருஷமா என் கணக்கு ஒண்ணுதான். ஒரு டீமுக்கு ஒரு ஆளு. அந்த டீம்ல எவன் பெரிய நட்சத்திரமோ, அவனை மட்டும் மார்ச் மாசம் பூரா பாப்பேன். எப்படிச் சாப்பிடுறான், எப்படி நடக்குறான், சின்னப் பையன் ஒருத்தன் அவன் பந்தை அடிச்சிட்டா முகம் எப்படிப் போகுது, இதான் எனக்கு வேணும். அவன் விழுந்தா டீம் விழும். பத்து வருஷத்துல ஏழு தடவை சரியாச் சொல்லியிருக்கேன், எடுத்துப் பாத்துக்க.

கேனன்ஸை எடுத்துக்க. எலிசியோ பெய்னா. பந்து எந்தப் பக்கம் போனாலும் அவன் முன்னாடியே அங்க போய் நிக்கிறான், நானும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாக்குறேன். ஆனா பஸ்ஸுல இருந்து இறங்கும்போது இடது கால முதல்ல வெக்கிறான். போன வருஷம் வலது காலத்தான் வெச்சான். முழங்கால் போயிட்டிருக்கு தம்பி. முழங்காலப் பத்தி என்கிட்ட கேளு, ரெண்டையும் தொலைச்சவன் நான். அதனால ரெண்டாவது இடம். ரிவெட்ஸ்ல அந்த வெர்னன் காஸ் இருக்கானே, குளிர்காலம் பூரா நல்லா வெட்டியிருக்கான். அவன் ஓடினா வயிறு முதல்ல வந்து சேருது, ஆளு பின்னாடி வர்றான். மூணாவது. ஹார்பர்ஸ்ல நட்சத்திரம்னு ஒருத்தனும் கிடையாது. நல்ல சமையல்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் வெங்காயம் போட்டுத் தர்ற ஹாட் டாக்குக்காக நாலாவது இடம் குடுத்தேன்.

சிரிக்கிற. ஆனா அவங்களுக்கும் கீழ உங்களப் போட்டேன்ல, அதுதான குத்துது?

தெரியும் தம்பி, தெரியும். லைல் ஹாக்கெட் போன வருஷம் இருபத்திரெண்டு ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்தான். நாட்டுலயே அவன மாதிரி பந்து வீசுறவன் இல்ல. வேகப் பந்துக்கும் மெதுப்பந்துக்கும் கை ஒரே மாதிரிதான் வருது, அடிக்கிறவன் வேகத்தை நம்பிக் கட்டைய சுத்திட்டு அசடு வழிஞ்சுக்கிட்டு நிக்கிறான், அப்புறம்தான் பந்து சாவகாசமா வந்து சேருது. எனக்கா தெரியாது? அந்த மெதுப்பந்தை உலகத்துலயே முதல்ல கையில வாங்கினவன் நான்.

ஏன் முழிக்கிற? உங்க முதலாளி அதைச் சொல்லலியா? அவருக்கு எப்படித் தெரியும். யாருக்குமே தெரியாது.

என்ன சொன்ன? பொறாமையா? சத்தமாவே சொல்லு, முன் வரிசையில இருக்கிற தாத்தாமாருங்களும் கேக்கட்டும். பொறாமைதான். வயித்தெரிச்சல்தான். பன்னெண்டு வருஷமா அவன் படம் பேப்பர்ல வர்ற அன்னிக்கெல்லாம் எனக்கு சோறு இறங்குறதில்ல. நான் வேலை பாக்குறது பேப்பர்ல. அப்போ என் பொழப்பை நீயே நெனச்சுப் பாத்துக்க.

எழுபத்திநாலுல அலபாமாவுல ஒரு குட்டி டீம். இப்ப அந்த டீமே இல்ல. அவன் நெப்ராஸ்காவுல இருந்து வந்தான், ஒட்டடைக்குச்சியா இருப்பான், டின்ல அடைச்ச பீச் பழத்தைத் தவிர எதுவும் தின்ன மாட்டான். நான் கேட்சர். அவன் வீசுவான், நான் அடிக்கிறவனுக்குப் பின்னாடி குத்த வெச்சு உக்காந்து பிடிப்பேன். எந்தப் பந்துன்னு விரலைக் காட்டுறது நான். மோட்டல்ல ரெண்டு பேருக்கும் ஒரே ரூம். பந்து அருமையா வரும், ஆனா தினமும் அடி வாங்குவான். எவனுக்கும் காரணம் புரியல.

எனக்குப் புரிஞ்சுது. ஜூன் மாசமே புரிஞ்சுது. மெதுப்பந்துக்கு விரலை மாத்திப் பிடிக்கும்போது இடது கையில இருக்கிற கிளவுஸ் இத்தனூண்டு திறக்கும். நாய் வாயைத் திறந்து மூடுற மாதிரி. எதிர் டீம்காரன் எவனோ பாத்துட்டு ஊருக்கெல்லாம் சொல்லிட்டான். இன்னது வருதுன்னு தெரிஞ்சா எங்க அத்தை கூட அடிப்பாங்க.

இல்ல, உடனே சொல்லல. ஆறு வாரம் வாயைத் திறக்கல. ஏன்னா? ஏன்னு நீயே சொல்லேன், அந்த வார்த்தையை இப்பத்தானே சொன்ன. சொன்னா அவன் மேல போயிடுவான், நான் அங்கயே குத்த வெச்சுக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான். இதுல ஒளிக்க ஒண்ணும் இல்ல.

அப்புறம் ஒரு மத்தியானம் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, ஞாயித்துக்கிழமையோட மூட்டையைக் கட்டுன்னுட்டாரு. ரூமுக்கு வந்து பாத்தா பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு, பீச் டின்னை மடியில வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கான். ஆறடி நாலங்குல ஆளு, கேவிக் கேவி அழறான். என்னால பாக்க முடியல தம்பி. சொல்லிட்டேன். கடைசியா ஒரு ஆட்டம் குடுங்கன்னு மேனேஜர் கால்ல விழாத குறையா நானே போய்க் கெஞ்சினேன். அந்த ஆட்டத்துல அவன் தப்பிச்சதால மேனேஜர் அவனை வெச்சுக்கிட்டாரு. அப்புறம் மூணு வாரம், தினம் காலையில அந்த அழுக்குக் கார்ப்பெட் மேல கிளவுஸ மாட்டிக்கிட்டு அவன் நிப்பான், நான் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, திறக்குது, திறக்குது, இன்னும் திறக்குது, ஆங், இப்ப சரின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். தொண்டை கட்டிப் போச்சு எனக்கு.

ஆகஸ்ட்ல மேல, பெரிய டீம்ல இருந்து அவனைக் கூப்பிட்டுட்டாங்க. பஸ் ஸ்டாண்டுல என்னைக் கட்டிப் பிடிச்சு, ஆர்லன், செத்தாலும் உன்ன மறக்க மாட்டேன்டான்னான். நான் இன்னும் ரெண்டு வருஷம் குத்த வெச்சேன். முழங்கால் போச்சு. பேனாவை எடுத்தேன்.

இல்ல, கடுதாசி எதுவும் வரல. நான் எதிர்பாக்கவும் இல்ல. பொய் சொல்றேன், எதிர்பாத்தேன்.

உன் பையில இருக்கே, அந்தப் பத்திரிகையை எடு. அட்டையில அவன்தானே? நாப்பத்தொண்ணாம் பக்கம். உங்க பையங்களெல்லாம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்காங்களே, அந்தப் பேட்டி. உங்க மெதுப்பந்து ரகசியம் என்னன்னு நிருபர் கேக்குறான். இவன் சொல்றான் பாரு. சின்ன டீம்ல ஆடுறப்போ ஒரு மோட்டல் ரூம்ல, தனியா, கண்ணாடி முன்னாடி மணிக்கணக்கா நின்னு, தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சானாம். தானே! ரொம்ப உருக்கமா எழுதியிருக்கான் அந்த நிருபர்.

தம்பி, அந்த ரூம்ல இருந்த கண்ணாடி, வாஷ் பேசினுக்கு மேல, உன் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு. முகம் மட்டும்தான் தெரியும். அதுவும் அவன் உயரத்துக்குத் தாடைதான் தெரியும். கிளவுஸ் எங்க தெரியும்? அங்க கண்ணாடின்னு ஏதாவது இருந்துச்சுன்னா அது நான்தான்.

படிச்சு முடிச்சிட்டு மறுபடியும் முதல்ல இருந்து படிச்சேன். அப்புறம் நெனச்சேன், நிருபர் திரிச்சு எழுதியிருப்பான், நானே அந்தத் தொழில்தானே பண்றேன். நேர்ல போய்ப் பாத்துடுவோம்னு போன திங்கக்கிழமை, அதோ அந்தக் கம்பி வேலிகிட்ட போய் நின்னேன். கையில இதே பத்திரிகை. அவன் ஓடி முடிச்சிட்டுத் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு வந்தான். என்னை நேராப் பாத்தான். சிரிச்சான். கையை நீட்டினான் தம்பி, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. என் கையில இருந்த பத்திரிகையை வாங்கினான், பேனாவை எடுத்தான், யார் பேருக்கு சார் கையெழுத்துப் போடணும்னு கேட்டான்.

சார்னான். என்னை.

என்ன சொல்லுவேன்? எங்க அக்கா பேரைச் சொன்னேன். மேரிபெத்துக்கு அன்புடன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டான். எழுத்து மட்டும் மாறவே இல்ல.

ஆமா ஆமா, அதுக்காக ஒரு டீமைக் கடைசியில போடலாமான்னு கேப்ப. நியாயமான கேள்வி. நான் அதுக்காகப் போடல. நான் என்ன அவ்வளவு கேவலமானவனா? நான் போட்டது என் கணக்குப்படிதான். ஒரு டீமுக்கு ஒரு ஆளு. நீ இன்னும் முதல் இடத்தைப் பத்திக் கேக்கவே இல்லியே?

மஸ்டாங்ஸ். ரூஃபஸ் டில்மன். எல்லாரும் சிரிக்கிறாங்க, தெரியும். மத்தவன் வீசுற பந்தையெல்லாம் பின்னிடுவான், ஹாக்கெட்டைக் கண்டா மட்டும் கை காலு ஓடாது. போன வருஷம் பதினாலு தடவை எதிர்த்து நின்னான், ஒரு தடவை கூடச் சரியா அடிக்கல. வர்ற செவ்வாக்கிழமை சீசனோட முதல் ஆட்டமே ரெண்டு பேருக்கும் நடுவுலதான். அன்னிக்கு டில்மன் பந்தை வேலிக்கு வெளிய தூக்கி ரெண்டு ஹோம் ரன்னாவது அடிப்பான். எழுதி வெச்சுக்க.

எப்படின்னா? நான் ஏன் பத்திரிகைக்காரங்களுக்குன்னு போட்டிருக்கிற அந்த நிழல்ல உக்காராம, தினமும் இங்க வந்து வலைக்குப் பின்னாடி காயுறேன்னு நெனக்கிற? கேட்சர் உக்கார்ற இடத்துக்கு நேர் பின்னாடி. எனக்கு அவனைப் பாக்கத் தெரிஞ்சது இங்கிருந்து மட்டும்தான். மூணு வாரமாப் பாக்குறேன். மெதுப்பந்துக்கு முன்னாடி ஒண்ணு பண்றான். பழைய கிளவுஸ் கதை இல்ல, அது மூடித்தான் இருக்கு, நம்ம கைவேலை. இது புதுசு, குளிர்காலத்துல எங்கயோ ஒட்டிக்கிச்சு. மெதுப்பந்து வரப்போகுதுன்னு பதினேழு தடவை முன்கூட்டியே எழுதினேன், பதினேழும் சரி. உங்க கேட்சர் பந்தைப் பாக்குறான், ஆளைப் பாக்கல. உங்க கோச்சு பாவம், ஹாக்கெட்டுக்கு நாம என்ன சொல்றதுன்னு கை கட்டிக்கிட்டு நிக்கிறாரு.

டில்மனுக்குத் தெரியும்.

ஏன்னா நான் சொன்னேன். அந்தத் திங்கக்கிழமைக்கு மறுநாள், அவங்க மைதானத்துக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். இருபது மைல்தான். அவன்கிட்ட நான் எதுவும் கேக்கல, ஒரு காப்பி கூடக் குடிக்கல. புறப்படும்போது, ரொம்ப நன்றி பீவின்னான். ஒரு தடவை சொன்ன பேரு, அவனுக்கு ஞாபகம் இருக்கு பாரு.

ஏய், எங்க ஓடுற? டை கம்பியில மாட்டிக்கப் போகுது. நில்லு. ஓடிப் போய் என்னன்னு சொல்லுவ? அது என்னன்னு நான் உனக்குச் சொல்லலியே.

மாட்டேன். உங்க முதலாளி முட்டை ஒழுகுற அந்த வாயோட நேர்ல வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். கத்தாத, தாத்தாமாருங்க பயந்துக்கப் போறாங்க. கேவலம்தான். ராத்திரி படுத்தா எனக்கே என்ன நெனச்சா அருவருப்பா இருக்கு. அதுக்கு என்ன பண்றது, அது அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கே.

இங்க பாரு. இன்னிக்கு வியாழன். ஞாயித்துக்கிழமை பயிற்சி முடிஞ்சு உங்க டீம் கிளம்புற வரைக்கும் நான் இதே சீட்டுலதான் இருப்பேன், பத்து மணியில இருந்து. அவன் வரட்டும். நன்றி வேணாம், மன்னிப்பு வேணாம், பேட்டியைத் திருத்தவும் வேணாம். இந்த வலைக்கு அந்தப் பக்கம் நின்னு ஆர்லன்னு ஒரு தடவை கூப்பிடட்டும். அந்த நிமிஷமே சொல்லிடுறேன், முழங்காலு போனாப் போகுதுன்னு குத்த வெச்சு உக்காந்து சரி பண்ணியும் குடுக்குறேன். ஆனா பேரை நீ சொல்லிக் குடுத்து அனுப்பக்கூடாது. நீ சொல்லிக் குடுத்தியா, அவனுக்கே வந்துச்சான்னு எனக்கு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுடும்.

ஞாபகம் வரலேன்னாவா?

வரலேன்னா என்ன இப்ப. ரூமுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நின்னு, தானே கண்டுபிடிச்சுக்கட்டும். இப்பத்தான் பெரிய பெரிய ஹோட்டல்ல தங்குறீங்களே, ஆள் உயரக் கண்ணாடியாத்தானே இருக்கும்.