மூன்று மணி சீரியலுக்கு நான் சொன்ன கதை

உட்கார், தீபா. டீ ஆறுகிறது. சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். உன் அம்மா சாவித்திரிக்கும் அப்படித்தான் பிடிக்கும்.

லேப்டாப்பில் அந்தப் பழைய அமெரிக்க சீரியலைப் போட்டு, அம்மாவுக்கு வரிவரியாக அர்த்தம் சொன்னாயாமே. இந்தக் கற்பகம் அத்தை அன்று சொன்ன கதையே வேறு என்று கண்டுபிடித்தீர்களாம். அதைக் கேட்கத்தானே வந்திருக்கிறாய்? ஒளிக்க என்ன இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூற்றொன்பதில் இந்தத் தெருவுக்கே கேபிள் கொடுத்தவர் என் வீட்டுக்காரர் லோகநாதன். வெளிநாட்டுச் சேனல் எங்கள் வீட்டில் மட்டும்தான் சுத்தமாகத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு உன் அம்மாவும் அவளோடு நெய்கிற துர்காவும் தறியை விட்டு எழுந்து வருவார்கள். கோர்வைச் சேலை நெய்கிறவர்கள் அல்லவா? ஒருத்தி சேலையின் உடலுக்கு நாடா ஓட்டினால், பக்கத்தில் இன்னொருத்தி கரைக்கு ஓட்ட வேண்டும். ஒருத்தி எழுந்தால் மற்றவளுக்கும் வேலை நின்றுவிடும். அதனால் சேர்ந்தே உட்காருவார்கள், சேர்ந்தே எழுவார்கள், சேர்ந்தே சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

சீரியலில் நாலு கறுப்புப் பெண்கள், ஒரே வீடு, ஒரே சோபா. முதல் நாள் துர்கா வாயைப் பிளந்துவிட்டாள்.

"யக்கா, அல்லாம் என் கலரு! இவுங்கதான் ஈரோயினா?"

"பின்ன? அந்தக் குட்டையா கீறவ உன்ன மாதிரியே கீறா பாரு. எப்படி சிரிச்சிகினு இருக்கிறா," என்றாள் உன் அம்மா.

நம் சீரியல்களில் துர்கா நிறத்தில் யாராவது வந்தால் பாத்திரம் தேய்க்கத்தான் வருவார்கள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களும் காபியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி. அன்றைக்கு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்தவள் உன் அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். சோபா அவர்கள் இரண்டு பேருக்கே சரியாக இருந்தது. என் வீட்டில் நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா பேசிக்கிறாங்கக்கா? நீங்க சொல்லுங்களேன்," என்றாள் துர்கா. சுவரில் என் இங்கிலீஷ் டைப்ரைட்டிங் சர்ட்டிபிகேட் மாட்டியிருந்தது. வேலூரில் படித்து வாங்கியது, லோயர் பாஸ். அதை வைத்து, தெருவுக்கே இங்கிலீஷ் தெரிந்தவள் நான்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். கேட்டாள், சொன்னேன்.

உயரமானவள் துணிக்கடை வைத்திருக்கிறாள் என்றேன். குட்டைக்காரி இல்லாவிட்டால் கடை ஓடாது. அதனால் குட்டைக்காரிக்கு வருகிற வரனையெல்லாம் இவள் ரகசியமாகக் கலைத்துவிடுகிறாள். நான் சொன்ன கதை இவ்வளவுதான்.

"கட்டிப் புட்ச்சிகினு அழுவுறாங்களேக்கா?" என்பாள் துர்கா.

"அத்தனையும் நடிப்பு. தோளுக்குப் பின்னாடி அந்த ஒசரமானவ மூஞ்சப் பாரு."

டிவியில் அவ்வப்போது ஒரு கூட்டம் சிரிக்கும். "ஆளே காணோம், யாருக்கா சிரிக்கிறது?"

"அக்கம்பக்கத்துக்காரங்க. இவ ஏமாந்துகினு இருக்கிறது ஊருக்கே தெரியும். இவளுக்குத்தான் தெரியாது."

துர்கா சிரிப்பதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் டிவியை விட்டுவிட்டு உன் அம்மா முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். நல்ல பெண், கதையைக் கவனமாகக் கேட்பாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரணமல்லூர் வரன் வந்தது. பையன் தங்கமானவன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் நடந்துவிட்டால் என் கதை என்ன ஆவது? இது உனக்குத் தெரிந்திருக்காது. பஸ் ஸ்டாண்டு எஸ்டிடி பூத்திலிருந்து அவர்களுக்கு ஒரு போன் போட்டேன். பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். அவளோடு ஒரே தறியில் உட்காருகிறவள் என்று மட்டும் சொன்னேன். சாவித்திரி என்று சொல்லவில்லை. அநியாயமாக ஒருத்தர் பேரை இழுப்பது எனக்குப் பிடிக்காது.

மறுநாளே வரன் முறிந்தது. சொன்னது யார் என்பதும் துர்கா காதுக்கு வந்துவிட்டது.

"உன் தறி நின்னுடும்னுதானக்கா என் வாழ்க்கைய கெடுத்த?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். சேலை பாதியில் நின்றது. துர்கா கலசப்பாக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு கல்யாணப் பேச்சையே எடுக்க விடவில்லையாம், பாவம்.

அன்று மூன்று மணிக்கு உன் அம்மா தனியாக வந்து என் தோளில் சாய்ந்து அழுதாள். சோபாவில், தீபா, என் பக்கத்தில். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நீ நினைக்கலாம். நான் நிஜமாகவே அழுதேன். அதன் பிறகு எட்டு வருஷம் மூன்று மணிக்கு டீ போட்டு வைத்து அவளை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டவள் நான். அதற்கு யாரும் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

அசல் கதையை ஏன் மாற்றினேன் என்றா கேட்கிறாய்? அசல் தெரிந்தால்தானே மாற்றுவதற்கு? டைப்ரைட்டிங்கில் எழுத்தைப் பார்த்து விரல் போகும், அவ்வளவுதான். எனக்கு இங்கிலீஷில் ஒரு வரி புரியாது. ஆனால் அந்த நாலு பேரும் ஒருத்திக்கொருத்தி உயிராக இருந்தது முதல் நாளே புரிந்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்று உன் அம்மா கலசப்பாக்கம் போய்த் துர்காவைக் கையோடு கூட்டி வந்துவிட்டாளாமே. நல்லது. அதோ, உங்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்கிறதா? பேச்சு இதுவரை எட்டவில்லை, சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது.

என்ன பேசிச் சிரிக்கிறார்கள் தெரியுமா? நான் சொல்கிறேன், கேள்.