சூரியகாந்திச் சாம்பல்

அய்யோ, அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க டாக்டரய்யா, ஒரு கால் ஆட்டம். இந்தப் பாயில உக்காருங்க. என்ன கேட்டீங்க, ரகசியமா? என்கிட்ட என்ன ரகசியம் இருக்கு? தண்ணி தெளிச்சுத்தான் வாசலப் பெருக்குறேன், புழுதி கெளம்பக் கூடாதுல்ல. கை கழுவாம புள்ளையக் களி தொட விடமாட்டேன். இதத்தான் தெருவுல எல்லாருமே பண்றாங்க.

தெரியும்யா. பதினாலு வீட்டுப் புள்ளைங்களுக்கும் ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கு, என் புள்ள கசூபாவுக்கு மட்டும் எறங்கியிருக்கு. அந்தக் காகிதத்த மூணு தடவ காட்டிட்டீங்க. சந்தோஷந்தான். சிரிக்கலையான்னா... பல்வலி.

செடி மேல தப்பே இல்ல. பழைய சுரங்கத்து மண்ணுல சூரியகாந்தி போட்டா ஈயத்த உறிஞ்சிக்கும்னீங்க. உறிஞ்சிச்சு. காவலுக்கு என்னையே போட்டீங்க. ஒரு ஆட்ட உள்ள விட்டிருப்பேனா? ஒருத்தி ஒரு விதைய எடுத்துக் கொறிச்சிருப்பாளா? பூத்து முடிஞ்சதும் வேரோட புடுங்கி அடுக்கி வெச்சேன். தலைநகரம் லுசாக்காவுலேருந்து லாரி வரும்னீங்க. வந்துச்சா? காஞ்சு கெடந்துச்சு. கடசியில உங்க ஆளு ஒருத்தன் வந்து, கொளுத்திடும்மான்னு சொல்லிட்டுப் போய்ட்டான். கொளுத்தினேன்.

சாம்பலா? இருங்க, அதுக்குத்தான் வர்றேன்.

நீங்களும் இந்தப் பக்கத்து ஆளுதான? சாம்பல எவளாவது வெளிய கொட்டுவாளா? ஓட்டச் சட்டியில போட்டுத் தண்ணி ஊத்தினா, டீ கலர்ல சொட்டுச் சொட்டா எறங்கும். அந்தச் சாம்பத் தண்ணி ரெண்டு கரண்டி விட்டாத்தான வெண்டைக்கா கொழகொழன்னு வரும். உங்கம்மாவும் அப்படித்தான் சமைச்சிருப்பாங்க. கடலச் செடிச் சாம்பலவிட இது ருசி. மூணு சாக்கு அள்ளியாந்தேன். தெருப் பூரா என்கிட்டதான் பாட்டில் கொண்டாந்து வாங்கினாளுங்க. சும்மாதான் குடுத்தேன். என்னா மரியாதைங்கிறீங்க அப்ப எனக்கு!

ஏன் பேனாவ வெச்சுட்டீங்க? எழுதுங்க.

போன மழையில சர்ச்சுல கூட்டம் போட்டுப் பேசினீங்களே, ஞாபகம் இருக்கா? செடி எரியும், ஈயம் எரியாது, சாம்பல்லயே தங்கிடும்னு போற போக்குல சொன்னீங்க. எல்லாரும் தூங்கி வழிஞ்சாங்க. நான் தூங்கல. நேரா வீட்டுக்கு வந்து, அடுப்புல இருந்த வெண்டைக்காயக் குழி தோண்டிப் பொதைச்சேன். அதுக்கப்புறம் கசூபா வாயில ஒரு சொட்டுப் படல.

மத்தவங்களா?

சொல்லணும்னுதான்யா போனேன். நம்ஃபுக்வே அக்கா வீட்டு வாசல் வரைக்கும் போனேன். அப்பத்தான் அவ பொண்ணுக்கு வலிப்பு வந்து, துணிய வாயில திணிச்சிட்டிருந்தாங்க. அவ மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்றது? திரும்பிட்டேன். மறுநாள் பாட்டிலோட வந்து நின்னா. இல்லன்னா ஏன்னு கேப்பா. ஊத்திட்டேன். அஞ்சு மாசமாச்சு, ஊத்திட்டுத்தான் இருக்கேன். இல்லய்யா, பல்வலியும் இல்ல ஒண்ணும் இல்ல.

இப்ப நீங்க வந்து, சாயங்காலக் கூட்டத்துல எழுந்து நின்னு பேசு, ஒன்னப் பாத்துத்தான் எல்லாரும் கத்துக்கணும்ங்கிறீங்க.

அந்தா, நம்ஃபுக்வே அக்காவே வர்றா பாருங்க, கையில பாட்டிலோட. நீங்க சொல்றீங்களா, இல்ல நான் ஊத்தட்டுமா?