அவருடைய கைராசி

எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. கொஞ்சம் குறைக்க முடியுமா? நன்றி. ஆபரேஷன் நாட்களில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்காருவேன். நர்ஸ் பெண்கள் எனக்குக் 'குளிர்கால மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்வெட்டர் என் கணவர் வாங்கிக் கொடுத்தது. நல்ல மனிதர். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

நீங்கள் விசாரணைக் குழுவின் தலைவர், எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். என் கணவர் தண்டுவடத்துக்குள் வளரும் கட்டிகளை எடுக்கிற சர்ஜன். நான் நரம்புகளில் ஓடும் மின்சாரத்தைப் படிக்கிற டாக்டர். நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது தலையில் சின்னதாக மின்சாரம் கொடுத்தால், அது தண்டுவடம் வழியாக இறங்கிக் காலைத் துடிக்க வைக்கும். அந்தத் துடிப்பு என் திரையில் அலையாக எழும். கட்டியை எடுக்கும்போது நல்ல நரம்பு நசுங்கினால் அலை சரியும். உடனே நான் "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். அவர் கையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான உப்புநீர் விட்டுக் காத்திருப்பார். பெரும்பாலும் அலை திரும்பிவிடும். திரும்பினால் நோயாளி நடப்பார். பார்ப்பது, சொல்வது, என் வேலை இவ்வளவுதான்.

எவ்வளவு சரிந்தால் நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பொறுத்தால் திரும்பும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். குழந்தை இல்லையே என்று உறவுக்காரர்கள் உச்சுக்கொட்டினால் அவர், "எங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கே, தூங்கவே விட மாட்டேங்குது" என்பார். எனக்குச் சிரிப்பாக வரும். பெருமையாகவும் இருக்கும்.

ஊரெல்லாம் அவரைக் கைராசி டாக்டர் என்றது. என் மாமியார் அதைச் சொல்லும்போது மகனின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நான் ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் கை எத்தனை முறை என் குரலைக் கேட்டு நின்றது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அது போதும் என்றிருந்தேன்.

பிறகு ஒரு மாநாடு வந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் அவர் எங்கள் நோயாளிகள் எல்லோரையும் பற்றிச் சொன்னார், அலை திரும்பிய கதைகளையெல்லாம் சொன்னார். கடைசியில், "திரை ஒரு துணைதான். நல்ல சர்ஜனோட விரலுக்கு அது முன்னாடியே தெரிஞ்சிடும்" என்றார். நான் நிறுத்தச் சொன்ன ஒவ்வொரு முறையும் அவர் விரல் தானாக உணர்ந்து நின்றதாம். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் இருந்தவர் எழுந்ததால் நானும் எழுந்தேன். ஆராய்ச்சிக் கட்டுரை வந்தபோது என் பெயர் மேலே இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் 'கருவி உதவி' என்று இருந்தது. அதுதான் நான்.

முதுகில் குத்திவிட்டார் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் தொழிலே முதுகுதான்.

இன்னொரு பெண் விவகாரமாக இருந்தால் அழுது, கத்தி, எப்படியோ சமாளித்திருப்பேன். இது அடிமடியிலேயே கை வைத்த மாதிரி. எனக்கு வலித்தது. ஒரு நாள் காரில் வரும்போது கேட்டேன். "ஏங்க, என் பேரு?"

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நமக்குள்ள என்னம்மா உன் பேரு, என் பேரு?"

அதன் பிறகும் ஒன்றாகத்தான் வேலை செய்தோம். ஒரே ஒரு மாற்றம். நான் பேசுவது தன் காதுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி ஹெட்ஃபோன் ஏற்பாடு செய்துகொண்டார். "உன் குரல் கேட்டா ஜூனியர் பசங்க பதறுறாங்க" என்றார். இருக்கலாம்.

அந்த நோயாளிப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். லிஃப்ட் இல்லாத மாடி வீடு. தூங்கிப்போகிற மகளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறும்போது கால் மரத்துப்போனதால்தான் எங்களிடம் வந்தாள். நடு முதுகில் கட்டி, சுலபமாக எடுக்கக் கூடியது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, எங்கெங்கே ஊசி குத்துவேன், திரையில் என்ன பார்ப்பேன் என்றெல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அப்ப நீங்களும் என்னை மாதிரிதான் மேடம். ஸ்டியரிங் அவங்க கையில, பக்கத்து சீட்டு பிரேக் நம்ம காலுல."

என் வேலையை அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"தூங்கிட மாட்டீங்கள்ல?" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன், தூங்கவில்லை.

மறுநாள் பாதிக் கட்டி வெளியே வந்திருந்தபோது இடது காலின் அலை சரிய ஆரம்பித்தது. அபாய மணி அடிக்கவில்லை, அதன் சத்தத்தைக் காலையிலேயே நான் குறைத்து வைத்திருந்தேன். பிறகு வலது கால். நான் வாயைத் திறக்கவில்லை. விரலுக்குத் தெரியும் என்று உலகத்துக்கே சொல்லியிருக்கிறார். தெரிகிறதா என்று பார்க்க ஒரு முறையாவது திரை சும்மா இருக்க வேண்டாமா? எந்த ஆராய்ச்சியாளரும் கேட்கக் கூடிய நியாயமான கேள்விதான் அது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை.

சும்மா இருந்தேன் என்பது முழு உண்மை இல்லை. நடுவில் அவர் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான். "மேடம், எப்படி இருக்கு?" விரலுக்குத் தெரியும் என்றால் என்னை ஏன் கேட்க வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்போதுகூட அலை மொத்தமாகப் போயிருக்கவில்லை. நிறுத்தியிருந்தால் திரும்பியிருக்கும். எங்கள் ஆராய்ச்சியில் நாங்கள் கண்டுபிடித்ததே அதுதான்.

"நல்லா இருக்கு" என்றேன்.

அந்தப் பெண் இன்னும் நம் வார்டில்தான் இருக்கிறாள், உங்களுக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அவளுடைய அக்கா தரைத்தளத்தில் வீடு தேடிக்கொண்டிருக்கிறார். தினமும் போய்ப் பார்க்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்லியிருப்பீங்க மேடம். பக்கத்து சீட்டுக்காரி பேச்சை யாரு கேக்கறா?" என்றாள். நான் மறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தி என்னைப் புரிந்துகொண்டாள் என்று கண் கலங்கிவிட்டது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் எச்சரித்தேன், அவர்தான் தன் விரலை நம்பிக் கேட்காமல் விட்டார் என்று என் கணவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் ஒரு 'ஆமாம்' சொன்னால் விசாரணை முடிந்துவிடும் என்கிறீர்கள். எனக்கும் சுலபம்தான்.

இதை அவர் என்னிடம் வீட்டில் முன்பே சொல்லிவிட்டார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "நீ நிறுத்தச் சொன்னே, நான்தான் கேக்கலேன்னு சொல்லிட்டேன். நீ வேற எதுவும் பேசாதே. கொஞ்சம் அசந்திருப்பே. மனுஷங்கதானே."

"தப்பு என்னோடதுதானே?" என்றேன்.

"நமக்குள்ள என்னம்மா உன் தப்பு, என் தப்பு?"

அந்தக் குரலில் அன்பு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வேலை போகும், பெயர் கெடும், கைராசி என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாம் தெரிந்துதான் பழியை ஏற்றுக்கொண்டார். ஆனால் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறார், பாருங்கள். அசந்துவிட்டேனாம். கூடவே வாழ்ந்தவர், நான் வேண்டுமென்றே செய்திருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு அலையைக்கூடத் தவறவிட்டதில்லை. நான் செய்த நல்லதையெல்லாம் தன் பெயரில் போட்டுக்கொண்டார், பொறுத்துக்கொண்டேன். இதையுமா?

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். அலை சரிந்ததை நான் பார்த்தேன். அவர் கேட்டார், நான் பொய் சொன்னேன். அவர் விரலுக்கு எதுவும் தெரியவில்லை, இதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. தயவுசெய்து இந்த முறையாவது என் பெயரை மேலே போடுங்கள்.