இரண்டு முனையும் கட்டிய துணி

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். அவிநாசிக்கு வடக்கே போகும் தோட்டத்துச் சாலை. மற்ற நாளில் கம்பெனி வேன்கள் ஹாரனடித்தே காதைத் தின்றுவிடும். அன்றைக்கு ஈ, காக்கை இல்லை... பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதற்குப் பகலே போதும்.

நம் ஊர்த் தரணீதரன் அந்த வழியாக வண்டியில் வந்துகொண்டிருந்தான். வீட்டை ஒட்டியே பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் போட்டிருப்பவன். பேரத்தில் நூல்காரனையே அழவைப்பான். அவன் மனைவி மதுமதி ஹாலில் ஒரு கலை நிகழ்ச்சி நடத்திப் போனில் லைவ் போடுவாள். மெஷினிலிருந்து துணி குழாய் மாதிரித்தானே இறங்கும்? அதற்குள் புகுந்துகொள்வாள். இரண்டு முனையையும் கட்டிவிட வேண்டும். உள்ளே நெளிவாள்... முகம், முழங்கை, விரல் எல்லாம் துணியில் புடைத்து எழும், அடங்கும். கடல் தாண்டியும் பார்க்க ஆள் இருந்தது. கட்டுவதும், கடைசியில் கத்தரியால் வெட்டி வெளியே விடுவதும் தரணி வேலை. உள்ளிருந்து அவளால் அவிழ்க்க முடியாது.

அன்று கட்டிவிட்டுக் கறி வாங்க ஓடியிருந்தான். எலும்பைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டியதில் நேரமாகிவிட்டது. வேப்பமரத்தடியில் நிறுத்திப் போனில் லைவைப் பார்த்தான். துணியில் ஒரு முகம் புடைத்தது. சரி. மறுமுனையில்... இன்னொரு முகம்.

கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இன்னைக்கு ரெண்டு பேரா? சூப்பர்!"

வண்டி பறந்தது.

ஹாலில் மெஷின் எண்ணெய் வாசனை. அதற்கடியில், வெகுநாள் பூட்டிய வீட்டைத் திறந்தால் வருமே... அந்த வாசனை. சர்ர்... சர்ர்... துணியில் நகம் உரசும் சத்தம்.

வலது முனையிலிருந்து மதுமதியின் குரல். "ஏனுங்க, கறி வாங்கப் போனீங்களா, ஆட்டை வளத்து அறுக்கப் போனீங்களா? மூச்சு முட்டுது, வெட்டுங்க!"

இடது முனையிலிருந்து... அதே குரல். "வெயில்ல வந்திருக்கறீங்க. பதறாதீங்க. கையைக் கிய்ய வெட்டிக்கப் போறீங்க."

கத்தரியை எடுத்தான். "மது... காலைல உன்னை எதுக்கு வஞ்சேன்?"

"மோட்டார் நிறுத்தலைன்னு!" இரண்டு முனையிலிருந்தும் ஒன்றாகப் பதில்.

சந்தையில் இனிக்கப் பேசுகிறவனைக் கண்டால் சட்டைப்பையைப் பொத்திக்கொள்கிறவன் தரணி. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் கையைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை... இடது முனையை வெட்டினான்.

மதுமதி வெளியே வந்தாள். கலைந்த முடி, அதே மூக்குத்தி. வலது முனை ஒருமுறை விசும்பியது. துணி மெல்லத் தட்டையானது. தடவிப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. அந்த முனை முடிச்சையும் அவிழ்க்கப் போனவனைத் தடுத்து, "பசியோட இருப்பீங்க, வாங்க" என்றாள். துணியைச் சுருட்டி மூலையில் சாத்தினாள்.

மறுநாள் காலை வேஸ்ட் துணி எடுக்கும் முருகவேல் வந்தார். அந்தத் துணிச் சுருளைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். முகம் மாறியது.

"ஏனுங்க, நாலு கிலோ தேறாத துணி... அம்பத்தஞ்சு காட்டுதுங்களே?"

தரணி வெட்டாமல் விட்ட முனையைப் பார்த்தான். சமையலறையிலிருந்து மதுமதி எட்டிப் பார்த்தாள். தேனாகக் கேட்டாள்:

"அரைச்சுப் பஞ்சாக்கற மில்லுக்குத்தானுங்களே போகுது? சீக்கிரம் ஏத்தச் சொல்லுங்க."