ஒரு வெறும் விரல்

“மாமா, எங்கம்மா கை அழுக்கா?” என்று அந்தக் குழந்தை ஒருநாள் என்னிடம் கேட்டாள். ஆறு வயது. பள்ளி விட்டதும் அவளை அவள் அம்மா ஆய்வகத்துக்கு அழைத்து வந்துவிடுவாள். அம்மாவின் வேலை முடியும்வரை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைவாள். அன்று கேட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து எனக்குக் கொடுத்தாள். நல்ல குழந்தை.

அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று சொல்கிறேன் ஐயா. எதையும் மறைக்கப் போவதில்லை. ஆய்வகக் கதவைத் திறக்கும் முன் கடவுளை நினைக்காத நாள் எனக்கு இல்லை.

எங்கள் வேலை ஆர்.என்.ஏ.வோடு. உயிரணுவுக்குள் எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் சீட்டு அது. அதில் ஒரு சிறு துண்டு அந்த வேலையையே நிறுத்திவைக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எட்டு ஆண்டுகள் தேடினேன். குழந்தையின் தாய் எங்களிடம் சேர்ந்த இரண்டாம் மாதமே அதைக் கண்டுவிட்டாள். ஆனால் ஒரே ஒரு முறை. மறுபடி செய்து காட்டினால்தான் செல்லும். ஓராண்டுக்குள் காட்டாவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவள் சாப்பிட மறந்த நாட்களில் ரொட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அவசரத்தில் வரும் வெற்றி மனிதரைக் கெடுத்துவிடும். அவளைக் கொஞ்சம் நிதானப்படுத்தத்தான் நினைத்தேன்.

ஆர்.என்.ஏ.வைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. நம் விரலில் இருக்கும் ஒரு நொதி அதை அரித்துவிடும். குழந்தையை அழைத்துவர அவள் பள்ளிக்குப் போகும் இருபது நிமிடத்தில், வலது கையுறையைக் கழற்றி, அவளுடைய சோதனைக் குழாய் மூடியின் உட்புறத்தில் ஒரு விரலை வைத்து எடுப்பேன். அவ்வளவுதான். எதையும் உடைத்ததில்லை.

முதலில் தண்ணீரைச் சந்தேகித்தாள். பிறகு குளிர்பெட்டியை. பிறகு குடுவை கழுவும் அக்காவை.

“ஏம்மா, முப்பது வருஷமா கழுவுறேன். உன் சீசா மட்டும் எனக்கு எதிரியா?” என்று அந்த அக்கா அழுதாள். இருவரையும் நான்தான் சமாதானப்படுத்தினேன்.

ஒருநாள் அவளுடைய குழாய்கள் இருக்கும் குளிர்பெட்டிக் கதவின் குறுக்கே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது. பக்குவமாக எடுத்து, என் வேலை முடிந்ததும் அதே இடத்தில் ஒட்டினேன்.

“அண்ணா, முடி அப்படியே இருக்கு. அப்ப யாரும் தொடலை.” அவள் குரல் இறங்கியிருந்தது. “அப்ப நான்தானா?”

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்மா. எதுக்கும் கையை இன்னும் கொஞ்சம் நல்லாக் கழுவிப் பாரேன்” என்றேன்.

கழுவினாள். தோல் உரிந்து ரத்தம் கசியும்வரை கழுவினாள். “ஆர்.என்.ஏ. உன்னைப் பாத்தாலே ஓடிடுது போல” என்று எங்கள் தலைவர் சிரித்தார். அவள் வீட்டிலும் கையுறை போட ஆரம்பித்தாள். கையுறையோடு குழந்தைக்குத் தலை வாரினாள். பிறகு வாருவதையும் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் குழந்தை அப்படிக் கேட்டாள்.

“ஆமா கண்ணு, கொஞ்சம் அழுக்குதான். அம்மாவைத் தொடாம இரு, சரியாயிடும்” என்றேன்.

ஆண்டு முடிந்தது, அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். மருத்துவமனையில் அவள் கைகளைத் துணியால் சுற்றிக் கட்டிவைத்திருப்பதாக நீங்கள்தான் சொன்னீர்கள். வருத்தமாக இருக்கிறது. அவள் போன மறுவாரம், அவளுடைய குறிப்பேட்டில் இருந்தபடியே நான் செய்தேன். முதல் முறையே வந்துவிட்டது. “உனக்கு மட்டும் எப்படிப்பா?” என்று கேட்டுவிட்டுத் தலைவர் என் கைகளையே வெகுநேரம் பார்த்தார். அதனால்தான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள்.

ஆம், நான்தான். இருபத்துமூன்று முறை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் யாரிடமும் கடன்பட்டுக் கிடந்ததில்லை. குழந்தை இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள். நேற்றுக் காலை அங்கே போனேன். தெருவில் யாரும் இல்லை. அந்த மிட்டாய்க்குப் பதிலாக, கடையில் இருந்ததிலேயே சிறிய அளவில் ஒரு பெட்டி கையுறையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருக்கும், வளரும் குழந்தைதானே. இனி அதைப் போட்டுக்கொண்டு அவள் தன் அம்மாவைத் தாராளமாகத் தொடலாம்.